அட்டை

மேற்கணக்கிலிருந்து பள்ளிக்கு
ஒன்றேகால் மணித்தியாலம்.
மானாப்புல், கான், மறுபடி மானாப்புல்,
பிறகுதான் தார் ரோட்டு, மஸ்கெலியா.
கோகிலவாணி வந்து சேரும்போது
முதல் பாடம் பாதி போயிருக்கும்.
வெள்ளைக் காலுறையில், கணுக்காலுக்குச் சற்று மேலே,
ஒரு ரூபாய்க் குற்றியளவு இரத்தம்.

அட்டை கடிப்பது வலிக்காது.
அதுதான் அதன் கெட்டித்தனம்.
பிய்த்து எறிந்த பிறகும்
நெடுநேரம் நிற்காது இரத்தம்.

பெயரை வைத்தது நான்தான்.
இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்,
பிறகென்றால் சொல்லாமலே விட்டுவிடுவேன்.
ஒன்பதாம் வகுப்பு. ஜூன் மாதத்துக் காற்று
கூரைத் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்.
"அட்டை வருது, கால மேல தூக்கு" என்றேன்.
ஒரே தடவைதான்.
முப்பத்தேழு சோடிச் சப்பாத்துகள்
பெஞ்சில் ஏறின.
அவளும் சிரித்தாள்.
தானும் சேர்ந்து சிரித்துவிட்டால்
அது வெறும் பகிடியாகிவிடும் என்று
நினைத்திருப்பாள்.

அதன் பின் தமிழே அவளுக்குப் பகையாயிற்று.
தேர்ச்சி அட்டை கொடுத்தால் சிரிப்பு.
கொப்பி அட்டை கிழிந்தால் சிரிப்பு.
பத்தாம் வகுப்பில் அதிபர் வந்து
"அடையாள அட்டைக்கு யார் யார் இன்னும் படம் எடுக்கல்ல?"
என்று கேட்டபோது
பின்வரிசை மேசையில் தலையை முட்டி முட்டிச் சிரித்தது.
அந்த ஒரு அட்டைக்காக
எங்கள் ஆட்கள் எத்தனை கந்தோர் வாசலில்
கால் கடுக்க நின்றார்கள் என்று
போன கிழமைதான் குறிப்பெடுத்திருந்தோம்,
அதே மேசையில்.

அவள் காலில் சவர்க்காரம் பூசி வந்தாள்.
சட்டைப் பையில் உப்புப் பொட்டலம் வைத்திருந்தாள்.
காலுறையைக் கையில் பிடித்துக்கொண்டே இறங்கி
பீலித் தண்ணீரில் கால் கழுவி, துடைத்து,
பிறகு போட்டுக்கொண்டு வந்தாள்.
ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.
கால்கள் ஏறத்தான் செய்தன.
இரத்தம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

பகிடிவதை ஒழிப்பு வாரம் வந்தது.
என் கையெழுத்து நல்லது என்பார்கள்.
பெரிய தாளில்
பகிடியைச் சிவப்பிலும் வதையைக் கறுப்பிலும் எழுதினேன்.
இடையில் இடம் விடப் பார்த்தேன்,
இரண்டும் ஒட்டிக்கொண்டே வந்தன.
தாள் காற்றுக்கு மடிந்தது.
"பின்னால ஒரு அட்டை வச்சு ஒட்டு" என்றார்
யோகேந்திரன் சேர்.
வகுப்பு வெடித்தது.
சேரும் கொஞ்சம் சிரித்தார்,
எதற்கென்று தெரியாமலே.

கோகிலவாணி எழுந்தாள்.
தன் சித்திரக் கொப்பியின் பின்னட்டையைக்
கோடு பிடித்தது போல நேராகக் கிழித்து
என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.
அளவு போதவில்லை.
இருந்தும் ஒட்டினேன்.

மறுநாள் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.
எழுந்து நின்று எதையும் சொல்லவில்லை,
அந்தத் துணிச்சல் இன்றும் இல்லை.
வாசலில் நிழல் விழுந்தது.
யாரோ சொன்னார்கள்,
என் சொல்லை, என் தொனியிலேயே.
சப்பாத்துகள் ஏறின.
என்னுடைய இரண்டும் தரையில் இருந்தன.
சிமெந்தின் குளிர் தோலைத் தாண்டி மேலே வந்தது.
பக்கத்தில் நிலுக்‌ஷனா
என் முழங்காலைக் கிள்ளினாள், முகத்தைப் பார்த்தாள்,
மறுபடி முழங்காலைப் பார்த்தாள்.
பிறகு ஒரு காலை மட்டும் இறக்கினாள்.

கோகிலவாணி அதைக் கண்டாளா, தெரியாது.
என் மேசையைத் தாண்டும்போது
"கொஞ்சம் தள்ளு, பேக் இடிக்குது" என்றாள்.
ஒன்றரை வருடத்தில்
அவள் என்னிடம் பேசிய முதல் வசனம்.
தள்ளினேன்.

மன்னித்துவிட்டாளா என்று கேட்காதீர்கள்.
பிய்த்து எறிந்த பிறகும் என்று
மேலே சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை, குனிந்து பேனா எடுப்பவள் போல
பெஞ்சுகளுக்கு அடியில் எண்ணிப் பார்த்தேன்.
தரையில் ஏழு கால்கள்.